ஊசி போட்டவர்களுக்குத்தான் கால் போகிறதா? ஒரு சர்க்கரை நோட்டுக் கணக்கு

"ஊசிய ஆரம்பிச்சா அப்புறம் கால எடுத்துடுவாங்க தம்பி. எங்க தெருவுல மூணு பேருக்கு அப்படித்தான் ஆச்சு."

திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன கிளினிக். மஞ்சப்பையில் நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் திணித்துக்கொண்டு வந்திருந்த ஒரு அம்மா சொன்னது இது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் முழு அளவில் சாப்பிட்டும் மூன்று மாதச் சர்க்கரை (எச்பிஏ1சி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சதவீத அளவு) பத்துக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதப் பேனாவை எடுத்ததும்தான் இந்தப் பேச்சு வந்தது.

டாக்டர் வழக்கம்போல "அதெல்லாம் கிடையாதும்மா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சங்கடம். ஏனென்றால் முந்தின வாரம் அதே கிளினிக்கின் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி நான் போட்ட முதல் கணக்கும் அந்த அம்மா சொன்னதையேதான் சொல்லியிருந்தது. இன்சுலின் போடுகிறவர்களிடம் கால் புண், மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களைவிட ரொம்பத் தூக்கல். பி மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி நின்றது, அதாவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம். தெருவில் மூணு பேரை வைத்துச் சொன்னால் மூடநம்பிக்கை, லேப்டாப்பில் சில நூறு பேரை வைத்துச் சொன்னால் ஆராய்ச்சியா?

நான் டாக்டர் இல்லை. புள்ளியியல் படித்துவிட்டு மருந்து ஆய்வுத் தரவுகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன். ஊருக்கு வந்திருந்த நேரத்தில் டாக்டர் நண்பர் கேட்டதால் இதில் இறங்கினேன். கிளினிக்கின் எண்களை இங்கே தரப்போவதில்லை. ஒரே இடத்து நோட்டு, ஆள் குறைவு, அதை யாராவது எடுத்து மேற்கோள் காட்டினால் எனக்குத் தூக்கம் வராது. கணக்கு எங்கே தடம் புரண்டது, எப்படி நிமிர்த்தினோம் என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் கோளாறின் வேர். குலுக்கல் முறையில் நடக்கும் சோதனையில் யாருக்கு எந்த மருந்து என்பதை நாணயம் தீர்மானிக்கிறது. பதிவேட்டில் அதைத் தீர்மானிப்பது டாக்டரின் கண். இன்சுலின் யாருக்குப் போகிறது? பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருப்பவருக்கு, மாத்திரை கைவிட்டவருக்கு, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு. இவர்களுக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் கால் புண் வரத்தான் அதிக வாய்ப்பு. மருந்து கொடுக்கக் காரணமான நோயின் தீவிரமே விளைவுக்கும் காரணமாக இருக்கிறது. இதைத்தான் மருந்துத் தேர்வுச் சாய்வு என்கிறோம். ஆற்றில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வயலில்தான் பயிர் கருகிக் கிடக்கிறது, ஆகவே கருக்கியது தண்ணீர்தான் என்று சொன்னால் எங்கள் பக்கத்து விவசாயி நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். இன்சுலின் விஷயத்தில் மட்டும் அதே விவசாயி அப்படித்தான் பேசுகிறார், நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 500 பேருக்கு நோய் லேசு, அவர்களில் 50 பேருக்கு மட்டும் இன்சுலின், 450 பேருக்கு மாத்திரை. மீதி 500 பேருக்கு நோய் முற்றியது, அவர்களில் 400 பேருக்கு இன்சுலின், 100 பேருக்கு மாத்திரை. லேசானவர்களில் எந்த மருந்தானாலும் 4 சதவீதம் பேருக்குப் புண் வருகிறது, முற்றியவர்களில் எந்த மருந்தானாலும் 20 சதவீதம். அதாவது இன்சுலினால் ஒரு நன்மையும் இல்லை, ஒரு தீமையும் இல்லை. இப்போது கூட்டிப் பாருங்கள். இன்சுலின் பக்கம் 450 பேரில் 82 பேருக்குப் புண், 18.2 சதவீதம். மாத்திரை பக்கம் 550 பேரில் 38 பேருக்கு, 6.9 சதவீதம். ஒன்றுமே செய்யாத மருந்து இரண்டரை மடங்குக்கும் மேல் ஆபத்தானதாகத் தெரிகிறது. கூட்டலில் தப்பில்லை.

இது கிராமத்து கிளினிக் நோட்டில் மட்டும் நடக்கும் கூத்து என்று நினைக்க வேண்டாம். 2009இல் டயபடாலஜியா இதழில் ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளை வைத்து நான்கு ஆய்வுகள் சேர்ந்தாற்போல் வந்தன. கிளார்ஜின் என்ற இன்சுலினுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி உலகம் பூராவும் கிளம்பியது. ஜெர்மனி ஆய்வுதான் ரொம்பப் பேசப்பட்டது. எந்த அளவு மருந்து யாருக்கு ஏன் கொடுக்கப்பட்டது என்பதே அங்கேயும் பிரச்சினை. 2012இல் ஆரிஜின் சோதனையின் முடிவு வந்தது. 12,537 பேரைக் குலுக்கிப் பிரித்து ஆறு வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்ததில் கிளார்ஜின் போட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் புற்றுநோயிலும் வித்தியாசமில்லை, மாரடைப்பு, பக்கவாதத்திலும் வித்தியாசமில்லை. அதற்கும் முன்னால், 1998இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் புதிதாகச் சர்க்கரை கண்ட 3,867 பேரில், இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ (கிளிமிபிரைடு இந்த வகைதான்) கொடுத்துச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சிறு ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. இன்சுலினுக்கு வேறு குறைகள் உண்டு. எடை கூடும், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். காலை எடுக்க வைக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக என் முதல் கணக்கு தப்பு என்று தெரியும். எங்கே தப்பு என்பதுதான் தெரியவில்லை. மென்பொருளை மூடிவிட்டு நோட்டுகளைக் கையில் எடுத்தேன், கூடவே அங்கே பன்னிரண்டு வருஷமாக இருக்கும் சிஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

முதல் அடி அங்கேயே விழுந்தது. ஒரு நோட்டில் இன்சுலின் என்ற கட்டத்தில் டிக், கால் புண் என்ற கட்டத்திலும் டிக். இரண்டும் ஒரே தேதி. "இவருக்கு எது முதல்ல சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் பச்சை மையில் சின்னதாக எழுதியிருந்ததைக் காட்டினார். ஆணி குத்திப் புண்ணாகி, சீழ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்து, அங்கே இன்சுலின் ஆரம்பித்துத் திரும்பி வந்தவர் அவர். சீழ் பிடித்தால் சர்க்கரை ஏறும், ஏறினால் இன்சுலின் போடுவார்கள், எங்கேயும் அதுதான் நடைமுறை. புண் முதலில் வந்தது, ஊசி பின்னால் வந்தது. என் அட்டவணையில் ஊசி காரணமாகவும் புண் விளைவாகவும் உட்கார்ந்திருந்தன. இப்படி ஒருவர் இருவர் இல்லை. இன்சுலின் பக்கத்துப் புண்களில் பெரும்பங்கு இந்த ரகம். அந்த அம்மாவின் தெருவில் மூணு பேர் என்றாரே, அவர்கள் கதையும் அநேகமாக இதுதான். ஊருக்கு ஊசி மட்டும் கண்ணில் படுகிறது, அதற்கு முந்தின ஆணி படுவதில்லை.

அடுத்தது சேற்றுப்புண். நடவுக் காலத்தில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர்களுக்கு விரல் இடுக்கில் வெந்து வெள்ளையாகி அரிக்குமே, அது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரும், மருந்து தடவினால் சில நாளில் ஆறும். பதிவேட்டில் அதுவும் கால் புண், பாதத்தின் அடியில் குழிவிழுந்து எலும்பு வரை போகிற புண்ணும் கால் புண். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை ஆரம்பித்தால் புண் கணக்கு எகிறும், கோடையில் அடங்கும். விளைவையே சரியாக வரையறுக்காமல் மருந்தின் சாய்வைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வடிவில் நான் பார்க்காதது. சர்க்கரை பதினொன்றில் நிற்கிற ஒருவருக்கு ஏன் இன்சுலின் எழுதவில்லை என்று கேட்டேன். சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்: "அவங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லல்ல சார்." அப்புறம் யோசித்துவிட்டு, "பையன் திருப்பூர்ல இருக்கான், கண்ணும் சரியா தெரியாது, யாரு ஊசி போட்டு விடுவா?" இலவச மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்தன, ஃபிரிட்ஜ் வரவில்லை. அதனால் இன்சுலின் கிடைப்பதற்கு நோய் முற்றியிருந்தால் மட்டும் போதாது, வீட்டில் ஃபிரிட்ஜும், கூட ஒரு ஆளும் வேண்டும். ஃபிரிட்ஜும் ஆளும் இருக்கிற வீட்டில் செருப்பும் இருக்கும், புண் வந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகக் காசும் இருக்கும். நோயின் தீவிரம் கணக்கை ஒரு பக்கம் இழுக்கிறது, வீட்டு வசதி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்று உட்கார்ந்த இடத்தில் ஊகிக்க முடியாது. இந்தத் தகவல் ஒரு துளிகூட என் அட்டவணையில் இல்லை, சிஸ்டரின் தலைக்குள் இருந்தது.

சரி, சீரமைப்பு. முதல் வேலையாகக் கேள்வியை மாற்றி எழுதினோம். ஹெர்னானும் ராபின்ஸும் 2016இல் வலியுறுத்திய வழி இது: குலுக்கல் சோதனை நடத்த முடிந்திருந்தால் அதை எப்படி நடத்தியிருப்பாய் என்று முதலில் காகிதத்தில் எழுது, பிறகு பதிவேட்டிலிருந்து அதையே போலச் செய். எழுதினோம். யார்? இரண்டு மாத்திரை முழு அளவில் சாப்பிட்டும் சர்க்கரை அடங்காதவர், காலில் இப்போதும் புண் இல்லை, கடந்த மூன்று மாதத்திலும் இல்லை, இதற்கு முன் இன்சுலின் தொட்டதில்லை. எந்த நாள்? மூன்றாவது மருந்து சேர்க்கலாம் என்று டாக்டர் முடிவெடுத்த நாள், அதுதான் பூஜ்ய நாள், எண்ணிக்கை அங்கிருந்து ஆரம்பம். எதோடு எது? இன்சுலின் சேர்த்தவர்களோடு சிட்டாகிளிப்டின் மாத்திரை சேர்த்தவர்கள். இன்சுலினையும் "ஒன்றும் சேர்க்காதவர்களையும்" ஒப்பிடக்கூடாது, ஏனென்றால் ஒன்றும் சேர்க்காதவர் நோய் கட்டுக்குள் இருப்பவர், அவர் வேறு ஆள். படியில் ஒரே இடத்தில் நிற்கிற இருவரை ஒப்பிட வேண்டும். புதிதாகத் தொடங்கியவர்களை மட்டும் எடு என்று வேய்ன் ரே 2003இல் எழுதியதும் இதோடு சேர்ந்ததுதான்: ஐந்து வருஷமாக ஒரு மருந்தைத் தாக்குப்பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் நோட்டிலிருந்தே மறைந்துவிட்டார்கள்.

சிட்டாகிளிப்டினில் ஒரு சிக்கல். 2022 ஜூலையில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது, அதற்கு முன் அது காசு உள்ளவர்களின் மாத்திரை. முடிந்த பிறகு நிறைய கம்பெனிகள் இறக்கின, விலை சரசரவென்று இறங்கியது, டாக்டரும் கூச்சமில்லாமல் எழுத ஆரம்பித்தார். ஆகவே 2022க்கு முந்தின நோட்டுகளில் இந்த ஒப்பீடு பெருமளவு பணக்காரரையும் ஏழையையும் ஒப்பிடுவதுதான். பழைய நோட்டுகளை விட்டுவிட்டோம். டாக்டருக்கு மனசே இல்லை, அவ்வளவு வருஷத்துப் பதிவு. விலை இறங்கிய தேதியையே கருவியாக வைத்து, நோயாளியின் நிலையோடு சம்பந்தமில்லாத காரணத்தால் மருந்து மாறிய தருணமாகப் பயன்படுத்தலாமே என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அதே காலத்தில் கொரோனா ஓய்ந்து வேறு பல பழக்கங்களும் மாறின, எங்கள் ஆள் எண்ணிக்கையும் அதைத் தாங்காது. விட்டுவிட்டேன்.

இத்தனை வடிகட்டலுக்கே, எந்தச் சூத்திரமும் போடாமலே, முதல் கணக்கில் தெரிந்த பெரிய இடைவெளியில் பெரும்பகுதி கரைந்துபோனது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் நேராக ப்ரொபென்சிட்டி ஸ்கோருக்குத் தாவுகிறார்கள், நானும் தாவினேன்.

ப்ரொபென்சிட்டி ஸ்கோர் 1983இல் ரோசன்பாமும் ரூபினும் கொண்டுவந்தது. இந்த ஆளுக்கு, இந்த நாளில், இந்த விவரங்களோடு, இன்சுலின் எழுதப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண். வயது, நோய்க்காலம், மூன்று மாதச் சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு), பழைய புண், பத்து கிராம் நைலான் இழையைப் பாதத்தில் வைத்தால் உணர்ச்சி தெரிகிறதா, பீடி, வயல் வேலையா, அப்புறம் சிஸ்டரின் தலையிலிருந்து இறக்கிய ஃபிரிட்ஜும் ஊசி போட ஆளும். பூஜ்ய நாளுக்குப் பிறகு எடுத்த எதுவும் உள்ளே வரக்கூடாது. மூன்று மாதம் கழித்து எடுத்த சர்க்கரையைச் சேர்த்தால் மருந்து செய்த வேலையையே அழித்துவிடுவோம். இந்த எண்ணை வைத்து ஒவ்வொருவருக்கும் எடை போடுகிறோம்: வாய்ப்பு 0.2 இருந்தும் இன்சுலின் பெற்றவர் ஐந்து பேருக்குச் சமமாக எண்ணப்படுவார், அவரைப் போன்று இன்சுலின் பெறாதவர்களுக்கும் சேர்த்து. வாய்ப்பு 0.02 என்றால் ஐம்பது பேருக்குச் சமம், அங்கேதான் ஆபத்து, ஒரு தனி ஆள் மொத்த முடிவையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். கிரியாட்டினின் எகிறியவர்களுக்கு எங்கள் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு இன்சுலின்தான் எழுதுவார், அவர்களுக்கு ஒப்பிட மாத்திரை பக்கம் ஆளே இல்லை. அவர்களை வெளியே எடுத்தோம். அவர்களைப் பற்றி இந்த நோட்டு எதுவும் சொல்லாது.

எடை போட்ட பிறகு இரு பக்கமும் எல்லா விவரத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. தரப்படுத்திய வித்தியாசம் (இரு பக்கமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 0.1க்குள் இருந்தால் போதும் என்பது வழக்கம், ஃபிரிட்ஜ் ஒன்றைத் தவிர மற்றவை அதற்குள் அடங்கின. புண் கணக்கில் மிச்சமிருந்த வித்தியாசம் சின்னது, நம்பக எல்லை (உண்மை விடை இருக்கக்கூடிய வரம்பு) இரு பக்கமும் அகலமாக விரிந்து கிடந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நோட்டில் இல்லாத காரணங்களை எடை போட முடியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு: மருந்து எந்த வகையிலும் மாற்றமுடியாத ஒரு விளைவை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பது. இருதய மாத்திரை விஷயத்தில் கனடாவில் 2009இல் இப்படிப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு வாகன விபத்தும் குறைவாக இருந்தது, மாத்திரை என்ன பிரேக்கா பிடிக்கும்? ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் எல்லாவற்றிலும் ஒழுங்கானவர். இன்னும் பழைய உதாரணம் 1980இல் வந்த கொரனரி டிரக் புராஜெக்ட் என்ற இருதய மருந்துச் சோதனையின் முடிவு: வெறும் மாவு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் 15.1 சதவீதம், ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களில் 28.2 சதவீதம்.

எங்களுக்கு என்ன விளைவு கிடைக்கும் என்று ரெண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். பாம்புக்கடி என்று நினைத்தேன், எண்ணிக்கை போதவில்லை. கடைசியில் டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசிப் பதிவேடு. அறுப்பிலும் களையெடுப்பிலும் கையில் அரிவாள் பட்டால் எல்லாரும் டி.டி. போட வருவார்கள். சிட்டாகிளிப்டினும் இன்சுலினும் கையில் அரிவாள் படுவதைத் தீர்மானிக்காது (தாழ்சர்க்கரை மயக்கத்தில் வெட்டிக்கொண்டால்தான் உண்டு, அப்படி ஒன்றும் பதிவாகவில்லை). போட்டுப் பார்த்தால், எல்லா எடையும் போட்ட பிறகும் இன்சுலின் பக்கம் அரிவாள் வெட்டு குறைவு. அதாவது இன்சுலின் எழுதப்பட்டவர்கள் இன்னும் நம் கணக்குக்குத் தப்பிய ஏதோ வகையில் வயலில் குறைவாக நிற்கிறவர்கள். "வயல் வேலையா" என்ற கட்டத்தில் ஆம், இல்லை என்று இரண்டே விடை. பத்து நாள் போகிறவரும் நூறு நாள் போகிறவரும் ஆம்தான். வயலில் குறைவாக நிற்பவர்களுக்குக் கால் புண்ணும் குறைவாகத்தான் வரும். ஆகவே மிச்சக் கணக்கு இப்போது இன்சுலினுக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கலாம், "இன்சுலின் காலைக் காப்பாற்றுகிறது" என்று எழுதவும் எனக்கு உரிமை இல்லை. டாக்டர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார், போஸ்டர் போட்டுச் சுவரில் ஒட்ட.

வேண்டர்வீலும் டிங்கும் 2017இல் சொன்ன ஈ மதிப்பையும் பார்த்தேன். ஒரு ஆய்வில் ஆபத்து இரண்டு மடங்கு என்று வந்தால், அதை முழுக்கத் துடைத்தெறியக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரணம் மருந்தோடும் நோயோடும் குறைந்தது 3.41 மடங்கு தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. எங்களிடம் மிஞ்சியது அவ்வளவு சின்னது என்பதால் அரைகுறைக் காரணம் ஒன்றே போதும், வயலில் நிற்கும் நாட்கள் மாதிரி. மேற்கொண்டு தோண்டவில்லை.

இன்னொரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். கால் எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் தஞ்சாவூர் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள், சிலர் திரும்பி வருவதில்லை, நோட்டில் அவர்கள் புண் இல்லாதவர்களாகவே நிற்பார்கள். சிஸ்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். பாதிப் பேர் நடவுக்குப் போயிருந்தார்கள், ராத்திரி ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால்தான் கிடைத்தார்கள்.

பழைய நோட்டில் இதற்கு மேல் பிழிய ஒன்றுமில்லை என்று முடிவானதும், புதிய நோட்டில் ஒரு பத்தி சேர்த்தோம். "ஏன் இந்த மருந்து?" டாக்டர் எழுதும் அதே நிமிஷத்தில் டிக் போட வேண்டும். சர்க்கரை அளவு, சிறுநீரகம், பழைய புண், விலை, ஃபிரிட்ஜ் இல்லை, ஊசி போட ஆள் இல்லை, நோயாளி மறுத்தார். கூடவே, போன மாதம் எத்தனை நாள் வயலில் இறங்கினார் என்று ஒரு எண். முதல் வாரம் டாக்டர் எரிச்சல்பட்டார், கூட்டத்தில் ஒரு ஆளுக்குக் கால் நிமிஷம் கூடுதல் என்றால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போய்விடுகிறது என்று. இரண்டாவது வாரத்தில் அவரே, "மறுத்தார்ங்கற கட்டத்துக்கு இவ்வளவு டிக் விழும்னு நான் நெனக்கல" என்றார். ஊரில் உலவும் அந்தப் பேச்சு மருந்துத் தேர்வையே திருப்புகிறது. பயப்படுகிறவர் ஊசியைத் தள்ளிப்போடுகிறார், புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஊசி ஆரம்பிக்கிறார், அதைப் பார்த்து அடுத்தவர் பயப்படுகிறார்.

முதலில் சொன்ன அந்த அம்மா மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார் போல. தெருவில் அந்த மூணு பேரில் ஒருவருக்கு ஊசிக்கு முன்னாடியே கட்டைவிரல் கறுத்துப்போயிருந்ததாம், அவரே சொன்னாராம். சரி, போட்டுக்கறேன் என்றார். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் சின்ன டப்பாவில் மருந்தை வைத்து, ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கச் சொல்லிக்கொடுத்தார் சிஸ்டர். இன்சுலின் எழுதியாயிற்று, புதிய பத்தியில் டிக் போட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாமல் இன்சுலின் வாங்குகிறவர் என்று ஒருவரை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, அதற்குக் கட்டம் இல்லை. சிஸ்டர் பச்சைப் பேனாவை எடுத்து ஓரத்தில் "பானை" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.